எட்டு நாள் சும்மா இருந்தோம்!

ஒரு ஊரைப் பார்க்க எத்தனை நாள் வேண்டும்?

"பினாங்குக்கு ஒரு நாள் போதும், அப்பா" என்றான் என் மகன்.

அவன் போட்டுக் கொடுத்த பயணத் திட்டம் என் சட்டைப் பையில் இருந்தது. மொத்தம் 14 நாள். பாங்காக்கில் இறங்க வேண்டும். அங்கிருந்து ரயிலில் தெற்கே வந்து மலேசியாவுக்குள் நுழைய வேண்டும். பிறகு பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர், மலாக்கா, கடைசியில் சிங்கப்பூர். எந்த ஊரில் எத்தனை மணிக்கு எதைப் பார்ப்பது என்றுகூட எழுதி இருந்தான். நல்ல பிள்ளை. உழைத்துத்தான் எழுதி இருந்தான்.

பினாங்கு என்ற பெயருக்கு நேராக "1 நாள்" என்று இருந்தது.

நாங்கள் அங்கே தங்கியது 8 நாள்!

ஈப்போவைப் பார்க்கவில்லை. மலாக்காவைப் பார்க்கவில்லை. சிங்கப்பூரை விமான நிலையத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்தோம்.

ஊர் திரும்பியதும் எல்லோரும் கேட்டார்கள்: "8 நாள் அங்கே என்ன செய்தீர்கள்?"

"சும்மா இருந்தோம்" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். சிலர், "பணத்தை வீணாக்கி விட்டீர்களே" என்று வருத்தப்பட்டார்கள்.

நான் சொல்கிறேன். அந்த 14 நாளில் வீண் போகாத நாட்கள் அந்த எட்டும்தான். ஏன் என்று கேளுங்கள்.

ஓய்வு பெறாதவள்

நான் ஓய்வு பெற்றவன். 33 வருடம் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதினேன். கடைசி நாளில் மாலை போட்டார்கள். காரில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

என் மனைவி அலுவலகம் போனது இல்லை. அதனால் அவள் ஓய்வு பெறவும் இல்லை! நான் மாலையோடு வீட்டுக்கு வந்த அன்று, எல்லோருக்கும் காபி போட்டவள் அவள்தான்.

இதற்கு முன் நாங்கள் ஊர் சுற்றாதவர்கள் அல்ல. ஒருமுறை வேன் வைத்துக்கொண்டு நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் இரண்டே நாளில் பார்த்தோம். புளியோதரை கட்டியவள் அவள். பேரப்பிள்ளைகளுக்கு மாத்திரை, துண்டு, மாற்று உடுப்பு எல்லாம் எடுத்து வைத்தவள் அவள். திரும்பி வந்ததும் எல்லோரும் அலுப்பில் படுத்து விட்டோம். அழுக்குத் துணியை ஊற வைத்தவள் யார்? அவளேதான்.

இதற்கு நாம் "டூர்" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

வீட்டு வேலையைச் சக்கரத்தின் மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போவதுதான் நம் குடும்பங்களில் பெண்களுக்குக் கிடைக்கும் உல்லாசப் பயணம். இதைச் சொன்னால் ஆண்களுக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கே இது 60 வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

முதுகில் பை

முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, கிடைத்த ரயிலில் ஏறி, மலிவான விடுதியில் தங்கி ஊர் சுற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்கார இளைஞர்கள்தான் அப்படி வருவார்கள் என்று நாம் நினைக்கிறோம். இப்பொழுது நம் பிள்ளைகளும் போகிறார்கள். என் மகனும் கல்யாணத்துக்கு முன் அப்படிப் போனவன்தான்.

"பெட்டி வேண்டாம். ஆளுக்கு ஒரு முதுகுப்பை. 7 கிலோவுக்கு மேல் கூடாது" என்று சொல்லிவிட்டான்.

"சேலை கட்டிக்கொண்டு முதுகில் பையா? பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?" என்றாள் என் மனைவி.

யாரும் சிரிக்கவில்லை. 7 கிலோவில் ஒரு நன்மை உண்டு. புளி, பருப்புப் பொடி, இட்லி மாவு எதற்கும் அதில் இடம் இல்லை!

பாங்காக்கில் 3 நாள் இருந்தோம். மகனின் திட்டப்படி ஓடினோம். அரண்மனை, படுத்திருக்கும் புத்தர், படகு, சந்தை. எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் மூன்றாம் நாள் இரவு, எதை எங்கே பார்த்தோம் என்று எங்கள் இருவருக்கும் குழம்பிவிட்டது.

நாலாவது நாள் ரயில் ஏறினோம். பாங்காக்கிலிருந்து எல்லை ஊரான பாடாங் பெசாருக்கு ஒரு இரவுப் பயணம். மாலையில் உட்காரும் இருக்கைகளையே இரவில் படுக்கையாக மாற்றிக் கொடுக்கிறார்கள். பாடாங் பெசார் ஸ்டேஷனில் ஒரு வேடிக்கை. தாய்லாந்து அதிகாரிகளும் மலேசிய அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். இந்த மேஜையில் ஒரு முத்திரை, அந்த மேஜையில் ஒரு முத்திரை. நாடு மாறிவிட்டது!

அங்கிருந்து வேறு ரயிலில் பட்டர்வொர்த். பட்டர்வொர்த்திலிருந்து படகு. கால் மணி நேரத்துக்குள் கடலைக் கடந்து பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் நகரில் இறங்கி விடலாம்.

இறங்கும்போதுதான் கவனித்தேன். என் மனைவியின் கால் இரண்டும் வீங்கி இருந்தன. செருப்பு வார் தோலில் பதிந்து கோடு விழுந்திருந்தது.

"ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"சொன்னா நிக்கவா போறோம்?" என்றாள்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நான் வரலை"

சூலியா வீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் அறை எடுத்தோம். பழைய கடைவீடு. முன்பக்கம் குறுகல், உள்ளே நீளமாகப் போகிறது. நடுவில் நம் செட்டிநாட்டு வீடு மாதிரி ஒரு திறந்த முற்றம். கூரை வழியாக மழை உள்ளே விழுகிறது.

இந்தச் சூலியா வீதியைப் பற்றி ஒரு வார்த்தை. சூலியா என்பது, இங்கே வணிகம் செய்ய வந்த தமிழ் முஸ்லிம்களை அந்தக் காலத்தில் அழைத்த பெயர். அவர்கள் பெயரைத் தாங்கிய வீதி இன்று முதுகுப்பைப் பயணிகளின் வீதி! முன்பெல்லாம் இந்தப் பக்கம் சுற்றிய வெள்ளைக்கார இளைஞர்கள் தாய்லாந்து விசா வாங்கப் பினாங்கில் இறங்குவார்கள். விசா கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்களுக்கு ஊர் பிடித்துவிட்டது. அறைகள் பெருகின. இப்படித்தான் "தங்கி இளைப்பாறும் ஊர்" என்று பெயர் வந்தது.

மறுநாள் காலை திட்டத்தை எடுத்தேன். 8 மணிக்குக் கொடிமலை. 11 மணிக்குச் சீனப் புத்தர் கோயில். 1 மணிக்குச் சாப்பாடு. 2 மணிக்குச் சுவர் ஓவியங்கள். 5 மணிக்கு ஈப்போ ரயில்.

என் மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரலைங்க. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இங்கேயே கொஞ்சம் இருக்கேன்."

கல்யாணமாகி 35 வருடத்தில் அவள் "வரலை" என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் திட்டத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். பிறகு அதை எடுக்கவே இல்லை.

என்ன செய்தோம்?

பினாங்கில் பொழுது மெதுவாக விடிகிறது. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஆனால் காலை 7 மணிக்குத்தான் சூரியன் வருகிறது.

முதல் இரண்டு நாள் என் மனைவி இருட்டிலேயே எழுந்து உட்கார்ந்து விட்டாள். பழக்கம்! எழுந்து என்ன செய்வது? அடுப்பு இல்லை. பெருக்க வீடு இல்லை. பால்காரர் இல்லை. சுவரைப் பார்த்தாள். மறுபடியும் படுத்தாள். மூன்றாம் நாள் 8 மணி வரை தூங்கினாள். அவள் மூச்சு வருகிறதா என்று நான் இரண்டு தடவை பார்த்தேன்!

எழுந்ததும் தெருக்கோடிக் கடைக்கு நடப்போம். அங்கே தேநீரை "தே தாரிக்" என்கிறார்கள். இழுத்து ஆற்றிய தேநீர் என்று பொருள். நம் ஊர் டீ மாஸ்டர் ஆற்றுகிறாரே, அதேதான். கூடவே ரொட்டி சானாய். நம் பரோட்டாவுக்குத் தம்பி. காசை அங்கே தமிழர்கள் "வெள்ளி" என்கிறார்கள். "ரெண்டு வெள்ளி குடுங்க" என்று கேட்டதும் முதலில் எங்களுக்குப் புரியவில்லை.

அந்த ஊரின் பெரிய சௌகரியம், கடைவீடுகளின் முன்னால் உள்ள அஞ்சடி. ஐந்தடி அகலத்தில் கூரை போட்ட நடைபாதை. ஒரு கடையின் அஞ்சடி அடுத்த கடையின் அஞ்சடியோடு சேர்ந்து தெரு நெடுகப் போகும். வெயிலும் படாது, மழையும் படாது. எங்கள் 8 நாளில் பாதி அதில்தான் கழிந்தது. ஒரு கிழவர் மூங்கில் கூடை முடைவார். ஒரு அம்மாள் பூ கட்டுவார். பூனை தூங்கும். இவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம்.

ஊருக்குள் ஒரு பேருந்து இலவசமாக ஓடுகிறது. படகுத் துறையில் ஏறி உட்கார்ந்தால் பழைய ஊரைச் சுற்றிவிட்டு ஏறிய இடத்திலேயே கொண்டுவந்து விடும். ஒரு நாள் நாங்கள் இறங்காமல் இரண்டு சுற்று சுற்றினோம். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

மதியம் லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு. முதல் நாள், "ரசத்தில் மிளகு போதாது" என்றாள் மனைவி. இரண்டாம் நாள், "கூட்டில் தேங்காய் ஜாஸ்தி" என்றாள். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். பிறர் சமைத்ததைக் குறை சொல்லாமல் சாப்பிடுவதற்கே மூன்று நாள் ஓய்வு தேவைப்படுகிறது!

எனக்கு நாசி கந்தார் பிடித்துவிட்டது. சோறும், பல குழம்பும் கலந்து ஊற்றிய சாப்பாடு. "கந்தார்" என்பது தோளில் வைக்கும் காவடிக் கம்பு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகக் கம்பில் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றார்களாம். கம்பு போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது.

மாலையில் மழை. நாங்கள் போனது அக்டோபர் மாதம். மழை வந்தால் முற்றத்துப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இருவரும் உட்காருவோம்.

"இன்னைக்கு என்ன பாத்தீங்க? போட்டோ அனுப்புங்க" என்று மகன் செல்போனில் கேட்பான். பூனையின் படம் அனுப்பினோம். மறுநாள் மழையின் படம் அனுப்பினோம். அவன் பயந்துவிட்டான். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

சும்மா வந்தவர் யார்?

எப்போதும் போகும் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் வந்து உட்காருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாலாம் நாள் கேட்டார்:

"என்ன வேலையா வந்தீங்க, ஐயா?"

"வேலை ஒன்றும் இல்லை. சும்மா வந்தோம்" என்றேன்.

அவர் கண்ணாடிக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்க அப்பா ரஜுலாவில வந்தார். தோட்டத்துக்கு. எங்க மாமா கடையில நிக்க வந்தார். நம்ம ஆளுங்க வேலைக்கு வந்தாங்க. கடைக்கு வந்தாங்க. கல்யாணத்துக்குப் பொண்ணு எடுக்க வந்தாங்க. இந்தத் தெருவில சும்மா வந்து உக்காந்தவங்களை நான் அதிகம் பாத்ததில்லை" என்றார்.

குறை சொல்லவில்லை அவர். ஆச்சரியப்பட்டார். ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

ரஜுலா என்பது கப்பலின் பெயர். 1926-ல் கட்டிய கப்பல். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றி, பினாங்கில் இறக்கி, சிங்கப்பூர் வரை போகும். 1973 வரை ஓடியது. கையில் தகரப் பெட்டியோடு மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அதற்குப் பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் கப்பலைப் பலருக்கு நினைவு இருக்கும். 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்தது.

அந்தக் காலத்தில் கப்பலில் வந்த தொழிலாளிகளை நேரே ஊருக்குள் விடவில்லை. நோய் இருக்கிறதா என்று பார்க்க, பக்கத்தில் உள்ள ஜெரெஜாக் தீவில் தனியே அடைத்து வைத்தார்கள். நம்மவர்களில் பலர் மலேயாவில் முதலில் பார்த்த இடம் அதுதான்.

பினாங்குத் தீவுக்கு ஓய்வுக்காகவும் ஆட்கள் வந்தார்கள். யார்? வெள்ளைக்காரர்கள். 1786-ல் ஆங்கிலேயக் கம்பெனியார் பினாங்கைப் பிடித்த உடனேயே அங்குள்ள மலை மேல் அவர்களுக்குக் கண் விழுந்தது. அதுதான் கொடிமலை. உயரம் 800 மீட்டருக்கு மேல். காய்ச்சலில் படுத்த துரைமார் உடம்பு தேற அங்கே பங்களா கட்டினார்கள். ரயில் இல்லாத காலத்தில் அவர்களை டோலியில் வைத்து ஆட்கள் தூக்கிப் போனார்கள். 1923-ல் கம்பி இழுக்கும் மலை ரயில் வந்தது. கடற்கரையில் 1885-ல் கட்டிய பெரிய ஓட்டல் ஒன்று இன்றும் இருக்கிறது. அதுவும் வசதி உள்ளவர்கள் கால் நீட்டி உட்காரக் கட்டியதுதான்.

துரைக்கு ஓய்வு மருந்து. டோலி தூக்கியவனுக்கு ஓய்வு சோம்பேறித்தனம்! இந்தக் கணக்கு அன்று எழுதப்பட்டது. அதை நாம் இன்னும் அடித்து எழுதவில்லை. "சும்மா இருக்கிறான்" என்பது நம் வீட்டில் இன்றும் வசவுதான். அதுவும் பெண் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஐந்தாம் நாள் அந்தக் கொடிமலைக்குப் போனோம். படகுத் துறையிலிருந்து 204-ம் எண் பேருந்து மலை அடிவாரத்துக்கே போகிறது. ரயில் செங்குத்தாக ஏறுகிறது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மேலே குளிர்ந்த காற்று. கீழே ஊரும், கடலும், அக்கரைக்குப் போகும் பாலமும் தெரிந்தன. 1985-ல் திறந்த பாலம், 13 கிலோ மீட்டருக்கும் மேல் நீளம்.

எல்லோரும் படம் எடுத்துவிட்டு அடுத்த வண்டியில் இறங்கினார்கள். நாங்கள் ஒரு மர நிழலில் மூன்று மணி நேரம் இருந்தோம். என்ன பேசினோம் என்று கேட்காதீர்கள். அதிகம் பேசவில்லை.

சுவரில் சைக்கிள்

திட்டம் போட்டு ஓடுகிறவர்களை நான் கேலி செய்யவில்லை. மூன்று வாரத்துக்கு முன் நானும் அந்த ஜாதிதான்.

ஆர்மேனியன் வீதியில் ஒரு சுவர் ஓவியம் இருக்கிறது. இரண்டு குழந்தைகள் சைக்கிளில் போவது போல. சைக்கிள் நிஜம், குழந்தைகள் சித்திரம். லிதுவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் ஸகாரேவிச் 2012-ல் வரைந்தது. அதன் முன்னால் வரிசை நிற்கிறது. சைக்கிளில் கை வைத்து ஒரு படம். அடுத்த ஆள். அடுத்த ஆள். ஒரு குடும்பம் வேனிலிருந்து ஓடி வந்தது. படம் எடுத்தது. ஓடிப் போய் வேனில் ஏறியது. நான் மணி பார்த்தேன். 4 நிமிடம்.

கடைசியாக ஏறிய பாட்டி, "இது எந்த ஊரு?" என்று கேட்டார். தமிழில்தான் கேட்டார்!

"7 நாள், 3 நாடு" என்று விளம்பரம் வருகிறது. அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பாஷை தெரியாது, பாதை தெரியாது என்று அஞ்சுகிறவர்களுக்கு யாரோ ஒருவர் முன்னால் கொடி பிடித்துப் போவது தைரியம்தான். ஆனால் வாழ்நாளில் ஒருமுறை வெளிநாடு போகிறவர்கள், சேர்த்த பணத்தை எல்லாம் கொடுத்து, பஸ் ஜன்னலைத்தானே வாங்கி வருகிறார்கள்? மூன்று நாட்டுக்குப் பதில் ஒரு ஊர் போதாதா?

"அவ்வளவு நாள் தங்கினால் செலவு ஆகாதா?" என்று கேட்பீர்கள். எங்கள் கணக்கைச் சொல்கிறேன். நான் கணக்கு எழுதியவன் அல்லவா? பாங்காக்கில் ஓடிய 3 நாளின் செலவில் பினாங்கில் ஏறக்குறைய 6 நாள் இருந்துவிட்டோம். ஓடினால்தான் செலவு. டிக்கெட், வண்டி, நுழைவுக் கட்டணம், அவசரத்தில் கேட்ட விலை. உட்கார்ந்தால் தேநீர்ச் செலவுதான். பல நாள் தங்குகிறோம் என்று சொன்னதும் விடுதிக்காரரும் வாடகையைக் குறைத்தார்.

மலேசிய அரசு 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் வரை தங்க அனுமதித்தது. இந்த விதிகள் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

யாருடைய வீடு?

எல்லாம் இனிப்பு என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனக்கு மனத்தில் உறுத்திய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் நாள் இரவு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவி கேட்டாள்: "இந்த வீட்ல முந்தி யார் இருந்திருப்பாங்க?"

பூஜை மாடம் இருந்த இடம் சுவரில் தெரிந்தது. அதில் இப்பொழுது செல்போனுக்கு மின்சாரம் ஏற்றும் பெட்டி இருந்தது.

மலேசியாவில் பழைய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அந்தச் சட்டத்தால் ஜார்ஜ் டவுனில் ஏழைத் தொழிலாளிகளும் சிறு கடைக்காரர்களும் குறைந்த வாடகைக்குக் குடியிருந்தார்கள். 2000 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டம் போய்விட்டது. வாடகை ஏறியது. பலர் ஊரைவிட்டு வெளியே போனார்கள். 2008-ல் யுனெஸ்கோ நிறுவனம் ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரிய நகரங்களாக அறிவித்தது. ஊருக்குப் பெருமை. கட்டடங்கள் தப்பின. ஆனால் வீடுகள் விடுதிகள் ஆயின. காபிக் கடைகள் ஆயின.

நாங்கள் காலை நீட்டிப் படுத்த அறையில் யாரோ ஒரு குடும்பம் சோறு பொங்கி இருக்கும்.

அதற்காகப் போகாமல் இருக்க வேண்டுமா? அப்படி நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு நாளில் ஓடுகிறவனுக்கு இந்தக் கேள்வியே வராது. பல நாள் தங்கினால்தான் ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரிகிறது. மரத்தூண்கள் மேல் கடலில் கட்டிய சீனர்களின் வீடுகள் அங்கே உண்டு. ஒரு பாலத்துக்கு ஒரு குலம். அதில் சியூ குலத்தாரின் வரிசைக்கு எல்லோரும் போகிறார்கள். திறந்த கதவுக்குள் காமிராவை நீட்டுகிறார்கள். உள்ளே ஒரு தாத்தா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்! நாங்கள் அங்கே ஒரு கடையில் வெல்லப்பாகும் தேங்காய்ப்பாலும் ஊற்றிய செண்டோல் வாங்கிக் குடித்தோம். அந்தக் கடைக்கார அம்மாளுக்கு எங்கள் பாஷை தெரியாது. எங்களுக்கு அவர் பாஷை தெரியாது. அவர் என் மனைவியின் காலைக் காட்டி, உட்காரச் சொல்லி ஒரு முக்காலி போட்டார். மறுநாளும் போனோம். மறுநாளும் முக்காலி வந்தது.

படி ஏறாத சாமி

ஏழாம் நாள் மாலை தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். தைப்பூசத்துக்குப் பேர் போன கோயில். மேலே போக 500 படிகளுக்கு மேல் இருக்கின்றன.

நம் ஊராக இருந்தால் என் மனைவி கால் வலியோடு ஏறி இருப்பாள். ஏறாவிட்டால் குற்றம் என்று நினைப்பவள். அன்று படிக்கட்டை அண்ணாந்து பார்த்தாள். வீக்கம் வற்றி இருந்த தன் காலையும் பார்த்தாள்.

"கீழே இருந்து கும்பிட்டாலும் முருகனுக்குக் கேக்கும்" என்று சொல்லி முதல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் மட்டும் ஏறினேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு பெண்ணோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம் மேலே வரை வந்தது. அவ்வளவு உரக்க அவள் சிரித்து நான் கேட்டது எப்போது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

எட்டாம் நாள் பை இரண்டையும் மாட்டிக்கொண்டு படகில் ஏறினோம். தேநீர்க் கடைப் பெரியவர் கடை வாசலில் நின்று, "அடுத்த தடவையும் சும்மாவே வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஊருக்கு வந்த மறுநாள் காலை 5 மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. என் மனைவி எழுந்திருக்கப் புரண்டாள்.

"நீ படு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். பால் பாக்கெட் இருந்தது. அதை வெட்டக் கத்தரிக்கோலைக் காணவில்லை. டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தேன். ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

உள்ளேயிருந்து குரல் வந்தது:

"ஜன்னல் ஓரம், ஆணியில தொங்குது."

சொன்னாள். ஆனால் எழுந்து வரவில்லை.